கசகசா போடாத குருமா

தனேஸ்வரியின் அடுப்படியில் கசகசா இல்லாமல் போய்ப் பத்து மாதமாகிறது. மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் அவள் வைக்கும் ஆட்டுக்கறிக் குருமாவுக்கு ஒரு பேர் இருந்தது. காதுகுத்தோ நிச்சயதார்த்தமோ, எதுவானாலும் "மசாலாவ தனேசு வந்து அரைச்சுக் குடுக்கட்டும்" என்பார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கசகசா இல்லாமல்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கிறவளை எவர் கூப்பிடுவார்?

எதிர்வீட்டு நவமணி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்னாலா தனேசு, ஒரு பிடி கசகசாவுல உன் சொத்தா அழிஞ்சிடும்?"

"ஒத்துக்கல அக்கா" என்று சொல்லி வைத்தாள் தனேஸ்வரி. யாருக்கு ஒத்துக்கவில்லை என்று சொல்லவில்லை. அவள் புருஷன் திருச்செல்வம் எங்கே போய்விட்டு வந்தான் என்பது அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஊருக்குத் தெரிந்ததை நாமே வாயால் சொல்வது வேறு.

திருச்செல்வம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி. ஹெராயின் பவுடர் பழக்கம் எப்போது வந்தது என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் முதுகுவலிக்கு என்றான், பிறகு தூக்கம் வராமல் ஓட்டுவதற்கு என்றான், அதற்குப் பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டான். ஒருநாள் மில்லுக்குப் போகும் வழியில் போலீஸ் நிறுத்திச் சிறுநீர் சோதித்ததில் மாட்டிக்கொண்டான். நீதிமன்றம் ஒரு வருடம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியது. வெளியே வந்த பிறகு இரண்டு வருடக் கண்காணிப்பு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை கோலா சிலாங்கூர் போதைத் தடுப்பு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, குப்பியில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் போதைப்பொருள் தெரிந்தால் மறுபடி கோர்ட்டு. சிறை உண்டு, ரோத்தான் பிரம்பால் அடியும் உண்டு.

அந்த இரண்டு வருடத்தைத் தனேஸ்வரி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவனைவிட அவள்தான் அதிகம் எண்ணினாள். மார்ச் மாதத்தோடு முடிகிறது. முடிந்த மறுநாளே அவனைப் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக வேண்டுதல்.

பத்து மாதத்துக்கு முன்னால் அந்த வேண்டுதலில் மண் விழப் பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். கறி எடுத்து, கசகசாவைத் தாராளமாக அரைத்துக் குருமா வைத்தாள். மறுநாள் அலுவலகத்தில் சோதனை அட்டை அவனுக்கு எதிராகக் காட்டியது. மார்ஃபின் இருக்கிறது என்றார்கள். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக விடுதியில் துப்புரவு வேலையில் இருந்த தனேஸ்வரிக்குப் போன் வந்தது. அழுதுகொண்டே ஓடினாள்.

அலுவலகத்தில் திருச்செல்வம் நிதானமாக உட்கார்ந்திருந்தான். "கசகசாலா, தனேசு. நேத்து நீ வச்ச குருமா. கசகசா தின்னா டெஸ்ட்ல அப்படித்தான் காட்டும். மேடம் கிட்ட நீயே சொல்லு" என்றான்.

மேடம் என்றால் லோகேஸ்வரி. அவனுடைய கோப்பைப் பார்க்கிற ஆலோசகர். முப்பதைத் தாண்டாத பெண். யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அவள் மறுக்கவில்லை. கசகசாவினால் அப்படி வருவது உண்டுதான் என்றாள். தனேஸ்வரி வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த கசகசாப் பொட்டலத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். என் கையால் அரைத்துப் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பரிசோதனைக்கூடத்து முடிவு வந்தது. அளவு குறைவுதான், சாப்பாட்டினால் வந்ததாகவும் இருக்கலாம் என்று அதில் இருந்தது. லோகேஸ்வரி அவர்கள் பக்கம் நின்று மேலதிகாரியிடம் பேசினாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். இனிமேல் கசகசா தொடக்கூடாது என்று ஒரு தாளில் அவனும் கையெழுத்திட்டான்.

அன்று வீட்டுக்கு வந்து அவன் காலில் விழாத குறையாக அழுதாள் தனேஸ்வரி. கட்டினவனைத் தன் கையாலேயே ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தோமே என்று புலம்பினாள். திருச்செல்வம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"விடு தனேசு. தெரியாமதானே செஞ்ச. உன்ன நான் மன்னிக்காம வேற யாரு மன்னிப்பா?"

எவ்வளவு பெரிய மனசு என்று அவள் உருகிப்போனாள். அந்தப் பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினாள். கசகசா இருந்த டப்பாவையும் தூக்கி எறிந்தாள், அதில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டுகூட வேண்டாம் என்று. மளிகைக் கடையில் கசகசா மூட்டை இருக்கும் பக்கம்கூட அவள் போவதில்லை. விருந்துச் சமையலுக்குக் கூப்பிட்டவர்களிடம் வீம்பு பிடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டாள். கசகசா அரைத்த கையோடு வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு போட முடியுமா? இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நவமணி சொல்வாள். குற்ற உணர்ச்சியில் இருக்கிறவளுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

இப்படியிருக்க, போன சனிக்கிழமை திருச்செல்வம் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்குக் குருமா வையேன். பழைய மாதிரி."

"வைக்கறேன். கசகசா கிடையாது."

"அது இல்லாம குருமாவா? கொஞ்சூண்டு போடு. ஒரு சிட்டிகை."

"ஏங்க, திங்கக்கெழம டெஸ்ட்டுக்குப் போகணும். பேப்பர்ல கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

"ஒரு சிட்டிகையில என்னா தெரியப்போவுது? பத்து மாசமா நாக்குச் செத்துக் கெடக்குது. லோரி ஓட்டறவன் வாய்க்கு ருசியா ஒரு நாளு திங்கக்கூடாதா? எம்மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?"

நம்பிக்கை என்ற சொல்லை எடுத்துவிட்டால் தனேஸ்வரி அதோடு சரி. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். "சரி, போடறேன்" என்றாள்.

போடவில்லை. போடுவாளா? ஞாயிறு காலை தேங்காயோடு முந்திரியைக் கூடுதலாகப் போட்டு, இரண்டு கரண்டி பொட்டுக்கடலையும் சேர்த்து மைய அரைத்தாள். சோம்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டாள். வெள்ளையாகக் கெட்டியாக வந்தது. அவன் தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டான். மூன்றாவது தடவை ஊற்றச் சொன்னான்.

"இதான்டி குருமா! கசகசா போட்டா அந்த வாசமே தனி. போட்டதானே?"

"போட்டேன், போட்டேன்."

சிரிப்பை அடக்கப் பாடுபட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். என்ன நாக்கு இந்த மனுஷனுக்கு! முந்திரிக்கும் கசகசாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஊருக்கே வாசம் பற்றிப் பாடம் எடுக்கிறான். இதை இப்போது சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள். மார்ச்சில் கடைசிக் கையெழுத்து முடிந்து வெளியே வரும்போது சொல்ல வேண்டும். இரண்டு பேரும் அலுவலக வாசலிலேயே நின்று விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விடுதியின் இரண்டாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன்தான்.

"தனேசு, ஒடனே கெளம்பி வா. மறுபடியும் பாசிட்டிவ் காட்டிடுச்சு."

"ஐயோ, என்னங்க..."

"பயப்படாதலா. கசகசாதான். நீ நேத்து போட்டதுதான். வந்து மேடம் கிட்டச் சொல்லு. போடக்கூடாதுன்னு தெரியும், பழக்க தோஷத்துல மறந்து போட்டுட்டேன்னு சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாத. புரியுதா? மறந்து போட்டுட்ட, அவ்வளவுதான்."

"நான்..." என்றாள்.

"சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டான்.

முதலில் வந்தது பழைய பயம்தான். பத்து மாதமாகப் பழகிப்போன பயம் அல்லவா? பாவி, மறுபடியும் செய்துவிட்டாயே என்று மனசு தன்னையே ஏசியது. மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் உறைத்தது. நான் போடவே இல்லையே!

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு கிராப் டாக்ஸி பிடித்துக் கிளம்பினாள். வழியெல்லாம் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். தேங்காய் வீட்டுத் தேங்காய், முந்திரி புதுப் பாக்கெட். மசாலாத்தூள் அவளே வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தது. எங்கேயும் கசகசா இல்லை. வேறு எங்காவது அவன் சாப்பிட்டிருக்கலாம். நவமணி வீட்டில் ஏதாவது கொடுத்திருக்கலாம். லோரி நிறுத்துகிற இடத்துக் கடையில் ரொட்டிக்குக் குருமா ஊற்றியிருப்பார்கள், அதில் இருந்திருக்கலாம். இருமலுக்கு ஏதாவது மருந்து குடித்திருப்பான். கடவுளே, ஏதாவது ஒன்று அப்படி இருக்கட்டும். தன் புருஷனுக்காகப் பொய்க் காரணம் தேடுவதில் அவளுக்கு இணை யாரும் இல்லை. பத்துப் பதினைந்து வருடப் பழக்கம்.

அலுவலக வராந்தாவில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான். முகத்தில் பதற்றம் இருந்தது. ஆனால் காரணம் கையில் இருக்கிறவனுடைய பதற்றம் அது.

"ஏங்க, நேத்து சாயங்காலம் வெளிய போனீங்களே, கடையில ஏதாச்சும் சாப்டீங்களா?"

"இல்லலா. டீகூடக் குடிக்கல."

"நவமணி அக்கா ஏதும் குடுத்தாங்களா?"

"அவங்க எங்க குடுத்தாங்க?"

"மருந்து, மாத்திரை? இருமலுக்கு..."

"என்னா தனேசு, போலீஸ் மாதிரிக் கேக்கற? நேத்துப் பூரா உன் கையால தின்னதுதான். உன் குருமாவ விட்டா ஒண்ணுமே தின்னல. அதையே உள்ள வந்து சொல்லு."

அவள் திறந்து வைத்த கதவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அவனே சாத்தினான். கடைசிக் கதவும் சாத்தப்பட்டபோது தனேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆசையாகக் குருமா கேட்டானே, அது ஆசை இல்லை. திங்கட்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமையே செய்துவைத்த ஏற்பாடு. அவள் சமையலை, அவள் கையை, ஒரு திரைமாதிரி முன்னால் கட்டிக்கொண்டு பின்னால் அவன் தன் காரியத்தைப் பார்த்திருக்கிறான். அதுவும் யார்மேல் பழியைப் போட்டு? மறந்து போட்டுவிட்டேன் என்று அவளே வாயால் சொல்ல வேண்டுமாம்.

லோகேஸ்வரி இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். மேசைமேல் அவன் கோப்பு விரித்துக் கிடந்தது. மேலாக இருந்த தாளில் பத்து மாதத்துக்கு முன் தனேஸ்வரி எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அவளுடைய கோணல் கையெழுத்து அவளுக்கே தெரிந்தது.

"உக்காருங்க அக்கா" என்றாள் லோகேஸ்வரி. "அண்ணன் மறுபடி கசகசான்னு சொல்றாரு. இந்தத் தடவை அட்டையில சந்தேகத்துக்கே இடமில்லாம காட்டியிருக்கு. லாப்புக்கு அனுப்பறோம், ஆனா முடிவு வர நாளாகும். அதுக்கு முன்னாடி நான் ரிப்போர்ட் எழுதணும்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கடைசியா ஒரு தடவை சொல்றேன். சறுக்கிட்டா சறுக்கிட்டேன்னு சொல்லுங்க. இந்த வியாதில அது நடக்கறதுதான். மூணு மாசத்துல முடியப்போவுதேன்னு மறைக்காதீங்க. கிளினிக்ல மெத்தடோன் மருந்து குடுக்கறாங்க, தெனம் போயிக் குடிக்கலாம். நானே எழுதி அனுப்பறேன். வைத்தியத்துக்கு ஒத்துக்கிட்டாருன்னு கோர்ட்டுக்கும் எழுதுவேன். பொய் சொல்லி மாட்டினீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"மேடம், பிள்ளை சத்தியமா..." என்று ஆரம்பித்தான் திருச்செல்வம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "நான் தொடவே இல்ல மேடம். இவ கசகசா போட்டுட்டா. எவ்வளவு சொன்னாலும் ஞாபகம் இருக்கறது இல்ல. போன தடவையே அவ்வளவு அழுதா. சொல்லு தனேசு."

லோகேஸ்வரி பேனாவை எடுத்தாள். "அக்கா, நீங்க சொல்றத அப்படியே எழுதுவேன். போன தடவை உங்கள நம்பித்தான் நான் பெரிய ஆபீசர் கிட்ட பேசினேன். நேத்து குருமாவுல கசகசா போட்டீங்களா?"

திருச்செல்வம் அவளைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் கடையில் எதையாவது வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பார்ப்பானே, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு அவள் என்றைக்குமே மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இன்றைக்குத் தப்பிப்பான். இன்னும் இரண்டு கையெழுத்து, பிறகு மார்ச், பிறகு பத்துமலை. அதற்குப் பிறகு? ஒவ்வொரு தடவை அவன் குருமா கேட்கும்போதும் அவள் காலண்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருநாள் எங்காவது லோரிக்குள் விறைத்துக் கிடப்பான். அதற்கும் அவள் சமையல்தான் காரணம் என்று யாராவது எழுதிக்கொள்வார்கள்.

"போடல மேடம்" என்றாள்.

"என்னா?" என்றான் திருச்செல்வம்.

"கசகசா போடல. என் வீட்டுல பத்து மாசமா கசகசாவே கிடையாது. இவரு கேட்டாரு. போட்டேன்னு பொய் சொன்னேன். முந்திரியும் பொட்டுக்கடலையும்தான் அரைச்சேன். இவருக்கு வித்தியாசம் தெரியல."

லோகேஸ்வரி எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனேஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். "போன தடவையும் இதானா?"

"போன தடவ நீ போட்டது நெசம்தானே?"

"நான் போட்டது இருக்கட்டும். நீங்க எடுத்தீங்களா?"

அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் பத்து மாதமும் கவிழ்ந்துவிட்டது. அன்றைக்குக் கசகசா பற்றி அவளுக்கும் தெரியாது, மேடமும் வாயெடுக்கவில்லை. அவன்தான் முதலில் சொன்னான். எங்கே கற்றானோ, மையத்தில் யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அதை அப்போதே யோசிக்காமல் காலில் விழாத குறையாக அழுதாளே! செய்யாத குற்றத்துக்கு அவனிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அந்த மன்னிப்புக்கு நன்றியாகப் பத்து மாதம் குனிந்து நடந்திருக்கிறாள். பொய் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தலையைத் தடவிக்கொடுத்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கையை அப்போதே தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று இருந்தது.

"மேடம், இந்தப் பேப்பர்" என்று தன் பழைய வாக்குமூலத்தின்மேல் விரலை வைத்தாள். "இதையும் மாத்தி எழுதணும். கசகசா போட்டது உண்மை. அதனாலதான் பாசிட்டிவ் வந்துச்சுன்னு எழுதியிருக்கேன் பாருங்க, அது எனக்குத் தெரியாது. இவரு சொன்னதத்தான் எழுதினேன்."

லோகேஸ்வரி தலையை ஆட்டினாள். அவள் முகமும் நன்றாக இல்லை. அந்தத் தாளை நம்பி மேலதிகாரியிடம் போய் நின்றவள் அல்லவா அவள்? "அண்ணே, இப்பயாச்சும் மெத்தடோனுக்கு எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். திருச்செல்வம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எழுதுங்க" என்றான். எத்தனை நாளாக எடுக்கிறான் என்று கேட்டதற்கு, வெளியே வந்த மூன்றாவது மாதத்திலிருந்து என்றான். கையெழுத்துக்கு நாலு நாள் முன்னால் நிறுத்திவிடுவானாம். இரண்டு தடவை மட்டும் நிறுத்த முடியவில்லையாம். வானிலை சொல்கிறவனைப்போலச் சொன்னான்.

கோர்ட்டுக்கு அனுப்பும் தாள்கள் தயாராகும்வரை இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். அவர்கள் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் யாரோ விட்டுப்போன தண்ணீர் போத்தல் இருந்தது. வாசலில் ஒரு மலாய்க்காரர் தன் மகனோடு நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிச்சிடு என்று சொல்வான் என்று தனேஸ்வரி எதிர்பார்த்தாள். அழுவான் என்றுகூட நினைத்தாள். அழுதால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அவன் அழுதால் அவளால் தாங்க முடியாது. திருச்செல்வம் செருப்பைக் கழற்றி, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். உண்மையிலேயே மனம் நொந்த குரல்.

"போடலன்னா நேத்தே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, தனேசு? தெரிஞ்சிருந்தா நான் வேற ஏதாச்சும் சொல்லியிருப்பேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம்கூட எங்கோ போய்விட்டது.

"சொல்லத்தான் இருந்தேன்" என்றாள். "மார்ச்சில, கடைசிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற அன்னிக்கு. ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு."